வகுத்தவர் யார்?

நான் பணிபுரியும் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை நிரப்பிக் கொண்டுவந்தான். கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளை. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. விண்ணப்பத்திலே 'பயிலும் வகுப்பு' என்று ஓரிடம். நான்கு வரி தள்ளி, வெறும் 'வகுப்பு' என்று மற்றோரிடம். முதலிடத்தில் 'எட்டு' என்று எழுதியிருந்தான். அடுத்த இடத்திலும், சற்றும் தயங்காமல், 'எட்டு' என்றே எழுதியிருந்தான். நானும் கூர்ந்து பாராமல் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டேன். ஒரு மாதம் சென்றபின், சிவப்பு மையில் சுழிக்கப்பட்டு, 'வகுப்பு தவறு' என்ற குறிப்புடன் தாள் திரும்பி வந்தது. அதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது.

"நான் எட்டாம் வகுப்புத்தானே ஐயா? இதில் என்ன தவறு?" என்று கேட்டான் சிறுவன்.

எழுத்தர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் சாதி எது என்பதை அறியாதவன் அல்லன் அவன். அதை அன்றாடம் அறிவிப்பதற்கு ஊரில் ஆளுக்கா பஞ்சம்? ஆனால் அதற்கும் 'வகுப்பு' என்றே பெயர் என்பதைத்தான் அவன் அறியவில்லை. சிறுவன் செய்த பிழையன்று அது. சொல் செய்த பிழை. சொல்லைச் சோதிக்காமல் கையொப்பமிட்ட ஆசிரியன் செய்த பிழை. அன்றிரவு அகராதியைப் புரட்டினேன். 'வகுப்பு' என்ற நம் சொல்லின் பின்னே, நிழல்போல நின்றுகொண்டிருக்கிறது, 'கிளாஸ்' என்ற ஆங்கிலச் சொல். அந்த நிழலைச் சற்று வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாற்பது பிள்ளைகள் ஓர் அறையில் அமர்ந்தால் கிளாஸ். அவர்களுக்கு நடத்தப்படும் ஒரு மணி நேரப் பாடமும் கிளாஸ். புகைவண்டியிலே மெத்தை இருக்கை ஒரு கிளாஸ், மரப்பலகை ஒரு கிளாஸ். பட்டம் பெற்றவர், 'முதல் கிளாஸில் தேறினேன்' என்று மார்தட்டுவார். உயிர்நூலார், பாலூட்டிகள் ஒரு கிளாஸ், பறவைகள் ஒரு கிளாஸ் என்பார். முதலாளியும் தொழிலாளியும் எதிரெதிர்க் கிளாஸ் என்பார் பொதுவுடைமையாளர். இந்திய அரசியல் சட்டமோ, பின்தங்கிய கிளாஸ் என்ற ஒன்றைக் குறிப்பிடுகிறது. இத்தனைக்கும் ஒரே சொல்! ஒருசொல் பலபொருள் என்பது எம்மொழிக்கும் இயல்பே. ஆனால் இங்கே பொருள்கள் ஒன்றன் சட்டையை மற்றொன்று போட்டுக்கொண்டு ஊரை ஏய்க்கின்றன. அதுவே நாம் ஆராய வேண்டியது.

இச்சொல்லின் பிறப்பிடம் ரோமாபுரி. செர்வியஸ் டுல்லியஸ் என்னும் மன்னன், கி.மு. ஆறாம் நூற்றாண்டில், தன் குடிமக்களின் சொத்தைக் கணக்கெடுத்து அவர்களை ஐந்து பிரிவாக வகுத்தான் என்று வரலாற்றாசிரியர் லிவி கூறுகிறார். அப்பிரிவின் பெயர் 'கிளாஸிஸ்'. எதற்காக வகுத்தான்? படைக்கு ஆள் எடுக்கவும் வரி தண்டவும் வாக்கு எண்ணவும். வாக்கு எண்ணிய அழகைக் கேளுங்கள்! மொத்தம் 193 வாக்குக் குழுக்கள். குழுவுக்கு ஒரு வாக்கு. குதிரைப் படையினராகிய செல்வர்க்கு 18 குழு; முதற்பிரிவினர்க்கு 80 குழு. இரண்டையும் கூட்டினால் 98. பெரும்பான்மை முடிந்தது! இவர்கள் ஒன்றுபட்டுவிட்டால் கீழ்ப்பிரிவினரைக் கூப்பிட்டுக் கேட்கவும் தேவையில்லை. சொத்தே இல்லாத ஏழையர் அனைவருக்கும் சேர்த்து ஒரே ஒரு குழு. அவர்களுக்குப் 'புரோலிடேரியஸ்' என்று பெயர். நாட்டுக்குப் பிள்ளைகளைத் தவிர வேறொன்றும் தர இயலாதவர் என்பது பொருள். ஆம், பாட்டாளி என்று நாம் பெருமிதத்தோடு மொழிபெயர்க்கும் சொல், பிறக்கும்போது ஓர் ஏளனமாகப் பிறந்தது.

இலக்கியம் பயில்வோர் இன்னொன்றையும் அறிதல் நலம். 'கிளாஸிக்' என்று ஒரு நூலைப் புகழ்கிறோம். அப்புகழ்ச்சியும் இந்த வரிக்கணக்கிலிருந்து வந்ததே. முதற்பிரிவைச் சேர்ந்த செல்வனுக்குக் 'கிளாஸிகஸ்' என்று பெயர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஆலஸ் கெல்லியஸ் என்ற எழுத்தாளர் தம் நூலில், நம்பத்தகுந்த நல்ல எழுத்தாளனைக் குறிக்க இப்பெயரை எடுத்து வழங்கினார். அதற்கு எதிர்ச்சொல்லாக அவர் வைத்தது 'புரோலிடேரியஸ்' என்பதையே. சொத்துள்ளவன் எழுதினால் இலக்கியம், இல்லாதவன் எழுதினால் குப்பை என்னும் மனப்பான்மை சொல்லின் எலும்பிலேயே ஊறிக் கிடக்கிறது.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். இன்றைய நம் திரைப்படத் திறனாய்வைப் பாருங்கள். 'இது கிளாஸ் படம்; அது மாஸ் படம்' என்று இரண்டே முத்திரை. மாஸ் என்றால் திரள், பொதுமக்கள். கிளாஸ் என்றால் சிலர் மட்டும் சுவைக்கத்தக்க செம்பொருள். படத்தின் கருத்து என்ன, அது யாரை உயர்த்துகிறது, யாரை இழிவுபடுத்துகிறது என்ற கேள்வியே எழுவதில்லை. பார்ப்பவன் எந்தப் பிரிவு என்பதைக் கொண்டு படைப்புக்கு விலை! பதினெட்டு நூற்றாண்டு கடந்தும் கெல்லியஸின் தராசு நம் கையில் இருக்கிறது. ஏந்தியிருக்கிறோம் என்பதே தெரியாமல் ஏந்தியிருக்கிறோம். 2004இல் நம் மொழிக்கு நடுவணரசு தந்த அறிந்தேற்பை ஆங்கிலத்தில் 'கிளாஸிக்கல்' என்றனர். நாம் செம்மொழி என்றோம். செம்மையிலிருந்து பிறந்த சொல் அது, செல்வத்திலிருந்து பிறந்ததன்று. ஆங்கிலச் சொல்லைவிட நம் சொல் நேர்மையானது என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்ளலாம்.

ரோமிலிருந்து இங்கிலாந்துக்கு வருவோம். 1656இல் தாமஸ் பிளவுண்ட் வெளியிட்ட அகராதியில் இச்சொல் இருக்கிறது. கப்பற்படை என்று ஒரு பொருள். மக்களை அவரவர் படிநிலைப்படி பிரித்தல் என்று ஒரு பொருள். பள்ளிகளில் மாணவர் குழு என்று ஒரு பொருள். பள்ளியில்தான் அது மிகுதியும் வழங்கிற்றாம். அக்காலத்தில் ஆங்கிலேயர், பிரபுவையும் உழவனையும் பிரித்துச் சொல்லக் கிளாஸ் என்ற சொல்லைப் பெரிதும் நாடவில்லை. அதற்கு வேறு சொற்கள் வைத்திருந்தனர். பிறப்பையும் படிநிலையையும் குறிக்கும் சொற்கள். பிரபு பிரபுவாகப் பிறக்கிறான், பண்ணையாள் பண்ணையாளாகப் பிறக்கிறான் என்று நம்பிய காலத்துக்கு அச்சொற்களே போதும் அல்லவா?

பிறகு நீராவி எந்திரம் வந்தது. ஆலைகள் எழுந்தன. நேற்றுவரை நெசவாளியாய் இருந்தவன் இன்று ஆலைக் கூலியானான். நேற்றுவரை சிறு வணிகனாய் இருந்தவன் இன்று ஆலை அதிபனானான். பிறப்புச் சொற்கள் பொருந்தாமற் போயின. அப்போதுதான் மேல், கீழ், நடு, உழைக்கும் என்னும் அடைமொழிகளோடு கிளாஸ் என்ற சொல் சமுதாயத்தைப் பேச வந்தது. 1770க்கும் 1840க்கும் இடையே, தொழிற்புரட்சிக் காலத்திலேதான் இம்மாற்றம் நிகழ்ந்தது என்று, 1976இல் வெளிவந்த தம் சொல்லாராய்ச்சி நூலில் ரேமண்ட் வில்லியம்ஸ் காட்டுகிறார். அவர் கூறும் காரணம் நம் நெஞ்சில் நிற்க வேண்டியது: மனிதனின் நிலை பிறப்பினால் மட்டும் வருவதன்று, சமுதாயத்தால் ஆக்கப்படுவது என்ற உணர்வு தலைதூக்கியதன் அடையாளமே இச்சொல்லின் எழுச்சி. ஆக்கப்பட்டது என்றால் மாற்றப்படலாம் அன்றோ! 1963இல் ஆங்கிலத் தொழிலாளர் வரலாற்றை எழுதிய இ. பி. தாம்சன் இன்னும் ஒருபடி மேலே சென்று, கிளாஸ் என்பது ஒரு பொருளே அன்று, மனிதர்க்கிடையே வரலாற்றில் நிகழும் ஓர் உறவு என்றார்.

ஆனால், சொல் புரட்சி செய்துகொண்டிருந்த அதே நாட்டில், அதே சொல் புகைவண்டியிலும் ஏறி அமர்ந்தது. மூன்றாம் கிளாஸ் பயணிகளைக் கூரையில்லாத திறந்த வண்டியிலே, சரக்கைப் போல ஏற்றிச் சென்றனர். 1841ஆம் ஆண்டு திசம்பர் 24ஆம் நாள், சானிங் என்னுமிடத்தில் மண்சரிவிலே வண்டி மோதியபோது, அத்தகைய திறந்த வண்டியில் இருந்த கட்டடத் தொழிலாளர் பலர் தூக்கியெறியப்பட்டு மாண்டனர். அதன்பின்னரே, 1844இல், ஏழைப் பயணிக்கும் கூரையும் இருக்கையும் தர வேண்டும், மைல் ஒன்றுக்கு ஒரு பென்னிக்கு மேல் வாங்கலாகாது என்று சட்டம் வந்தது. கூரைக்கே சட்டம் தேவைப்பட்டது, பாருங்கள்! மூன்றாம் வகுப்பு என்ற பெயரை அந்நாட்டார் 1956இலும் நம் நாட்டார் 1974இலும் நீக்கினர். பெயர் போயிற்று. நெரிசல் போயிற்றா? முன்பதிவற்ற பொதுப்பெட்டியில் ஒருமுறை பயணம் செய்தவர் விடை கூறட்டும்.

எனினும் புகைவண்டி வகுப்பிலே ஒரு நேர்மை உண்டு. காசு கொடுத்தால் கதவு திறக்கும். அந்த நேர்மையும் எங்கே முறிகிறது என்பதை 1893 காட்டியது. தென்னாப்பிரிக்காவில் முதல் வகுப்புச் சீட்டை முறையாகப் பெற்றிருந்த இளம் வழக்கறிஞர் காந்தியாரைப் பீட்டர்மரிட்ஸ்பர்க் நிலையத்தில் இறக்கிவிட்டனர். கையில் இருந்தது முதல் கிளாஸ். அவர்கள் பார்த்ததோ தோலின் நிறத்தை. காசினால் ஏறிய படியைப் பிறப்பினால் இழந்தார்! கிளாஸ் வேறு, பிறப்பின்மேல் கட்டிய பிரிவு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எந்த வகுப்பில் நடத்த முடியும்?

உயிர்நூலாரின் கிளாஸையும் ஒரு சொல்லால் தொட்டுச் செல்வோம். 1758ஆம் ஆண்டுப் பதிப்பிலே லின்னேயஸ், மனிதனையும் திமிங்கிலத்தையும் வௌவாலையும் பாலூட்டிகள் என்னும் ஒரே கிளாஸில் வைத்தார். அர்ச்சகரும் அடியாரும், ஆண்டையும் அடிமையும் அங்கே ஒரே வகுப்பு. ஆனால் அவராலும் அத்துடன் நிற்க இயலவில்லை. மனிதரை நான்கு கண்டத்துக்கு நான்காகப் பிரித்து, நிறத்துக்கு ஒரு குணத்தை ஒட்டவைத்தார். இயற்கை வகுத்ததைக் கண்டறிய வந்தவர், தாமே வகுக்கத் தொடங்கினார். அறிவியல் அவ்விடத்திலேயே அவரைக் கைவிட்டது. இன்று அப்பிரிவை உயிர்நூல் ஏற்பதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1916இல், கொலம்பியா பல்கலைக்கழகத்திலே மாணவராக இருந்த அம்பேத்கர் படித்த கட்டுரையில் ஒரு கருத்து மின்னுகிறது: சாதி என்பது, கதவை அடைத்துக்கொண்ட ஒரு வகுப்பே. எந்தச் சமுதாயத்திலும் வகுப்புகள் உண்டு. இங்கோ ஒரு வகுப்பு, மணஉறவைத் தனக்குள்ளேயே முடக்கிக் கதவைத் தாழிட்டது. மற்றவை அதைப் பார்த்துத் தாழிட்டன. சில, தாழிடப்பட்டு வெளியே நிறுத்தப்பட்டன. 25 வயது இளைஞர் கூறிய விளக்கம் இது! வகுப்புக்கும் சாதிக்கும் உள்ள வேறுபாடு, கதவு திறக்குமா திறக்காதா என்பதே.

சட்டம் எழுதியபோது கிளாஸ் என்ற சொல்லே எடுத்தாளப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு, பின்தங்கிய கிளாஸ் குடிமக்களுக்கு அரசுப் பணியில் இடம் ஒதுக்கலாம் என்றது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை 1951இல் உச்ச நீதிமன்றத்தால் செல்லாதெனப்பட்டு, இங்கே கிளர்ச்சி மூண்டபின், அதே ஆண்டில் முதல் திருத்தம் வந்தது. கல்விக்கும் அந்தச் சொல்லே காவலாயிற்று. அன்று தொடங்கிய வழக்காடல் ஓயவில்லை. கிளாஸ் என்றால் சாதியா, அன்றா? சாதியை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளலாகாது என்றது 1962ஆம் ஆண்டுத் தீர்ப்பு. சாதியும் குடிமக்களின் ஒரு கிளாஸ்தான் என்றது, சென்னை மாநிலத்தைப் பற்றிய 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மண்டல் குழு வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த மன்றம் 1992இல், சாதி ஒரு சமுதாய வகுப்பாக இருக்கலாம் என்றும், வறுமையை மட்டும் கொண்டு பின்தங்கியோரை முடிவு செய்யலாகாது என்றும் பெரும்பான்மையால் உரைத்தது. ஒரு சொல்லின் பொருளுக்காகக் கோடிக்கணக்கான பிள்ளைகளின் படிப்பும் பிழைப்பும் நாற்பதாண்டுகள் நீதிமன்ற வாயிலிலே நின்றன. சொல்லாராய்ச்சி வீண்வேலை என்பார் இதை எண்ணிப் பார்க்கட்டும்! 2019இல் முன்னேறிய சாதியினரின் ஏழையருக்கென ஒதுக்கீடு வந்தபோது, அவர்களைக் குறிக்கச் சட்டம் கிளாஸ் என்ற சொல்லைத் தொடவில்லை. வேறு சொல்லைத் தேடிக்கொண்டது. சட்டம் எழுதுவோர் சொல்லின் எடையை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். அறியாதிருப்பவர் நாமே.

தமிழில் நாம் என்ன செய்தோம்? பள்ளிக் கிளாஸை வகுப்பு என்றோம். சட்டத்தின் கிளாஸையும் வகுப்பு என்றோம். அதோடு நிற்காமல், சாதியையும் மதத்தையும் குறித்து ஆங்கிலத்தில் வழங்கும் வேறொரு சொல்லான 'கம்யூனிட்டி' என்பதையும் வகுப்பு என்றே பெயர்த்தோம். ஆக, நீதிக்காகக் கேட்ட பங்கு 'வகுப்புவாரி உரிமை' ஆயிற்று. பிற மதத்தானை வெட்டக் கிளம்பும் வெறி 'வகுப்புவாதம்' ஆயிற்று. அடைத்த கதவைத் தட்டுபவனும், அண்டை வீட்டுக்குத் தீ வைப்பவனும் ஒரே சொல்லின் கீழ்! இந்தக் குழப்பம் யாருக்கு உதவிற்று? பங்கு கேட்டவனைப் பார்த்து, 'வகுப்புவாதி' என்று விரல் நீட்டியவர்களுக்கு உதவிற்று. கதவைத் தாழிட்டவர் பெயர் 'தகுதி' என்று நடமாட, தட்டியவன் பெயர் 'வெறியன்' என்று நடமாடியது.

ஆகவே நான் முன்வைக்கும் திருத்தம் எளியது. மதக் கலவரத்தை மதக் கலவரம் என்றே எழுதுவோம். வகுப்புக் கலவரம் என்று எழுத வேண்டா. முதலாளி தொழிலாளி என்ற பொருளியல் பிரிவுக்கு வர்க்கம் என்ற சொல் நிலைத்துவிட்டது. வடசொல்லாயினும் குழப்பம் தராத சொல், இருக்கட்டும். விண்ணப்பத்தாளிலே சாதியைக் கேட்க வேண்டியிருந்தால், கேட்பது இன்னதென்று விளங்கக் கேட்கட்டும். பள்ளிக்கூடத்தின் வகுப்பைப் பள்ளிக்கூடத்துக்கே விட்டுவிடுவோம். அதுவொன்றே ஆண்டுதோறும் எல்லாரும் அடுத்த படிக்கு ஏறக்கூடிய வகுப்பு.

குறை கூறிய நாவால் நிறையும் கூற வேண்டும். தமிழ் செய்த ஓர் அரிய செயல் உண்டு. ஆங்கிலத்தில் 'பேக்வர்டு கிளாஸ்' என்கின்றனர். பின்னால் நிற்கும் கூட்டம் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஏன் பின்னால் நிற்கிறது? தானே சோம்பி நின்றதா, தள்ளப்பட்டு நின்றதா? ஆங்கிலச் சொல் வாய் திறவாது. நம்மவர் 'பிற்பட்ட' என்பதோடு நில்லாமல், 'பிற்படுத்தப்பட்ட' என்று ஆக்கினர். ஒரே ஓர் இலக்கண மாற்றம்! செயப்பாட்டு வினை என்று நாங்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது அதைத்தான். படுத்தப்பட்டது என்றால் படுத்தியவன் ஒருவன் இருக்க வேண்டும். தாழ்த்தப்பட்டோர், ஒடுக்கப்பட்டோர் என்பனவும் அவ்வாறே. மூலத்தில் ஒளிந்திருந்த குற்றவாளியை மொழிபெயர்ப்பு கூண்டில் ஏற்றியது. மொழிபெயர்ப்பு மூலத்தை வென்ற இடம் இது.

'வகுப்பு' என்ற சொல்லும் அப்படிப்பட்டதே. அதன் வேர், வகு என்னும் வினை. வினை இருந்தால் வினைமுதல் இருந்தே தீரும். மழைபோல வானிலிருந்து விழுந்ததன்று வகுப்பு. யாரோ, எதற்காகவோ, ஒரு நாள் உட்கார்ந்து வகுத்தது. ரோமாபுரியில் மன்னன் வகுத்தான், வரிக்காக. புகைவண்டியில் முதலாளி வகுத்தான், வருவாய்க்காக. நம் ஊரிலே வகுத்தவர் யார், எதற்காக என்று கேட்டால், 'ஆண்டவன்' என்று கைகாட்டிவிட்டு நழுவுகின்றனர். இலக்கணம் அவர்களை விடாது. இளைஞர்களே, யாரேனும் வகுப்பு என்ற சொல்லை உரைக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: வகுத்தவர் யார்? வகுத்ததால் வாழ்ந்தவர் யார்? வெளியேறக் கதவு உண்டா? விடை தடுமாறும் இடத்திலேதான் ஏமாற்று இருக்கிறது.

அந்த மாணவன் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். இவ்வாண்டு விண்ணப்பத்தை இருவரும் சேர்ந்து அமர்ந்து நிரப்பினோம். 'வகுப்பு' என்ற இடத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை எடுத்துரைத்தேன். எழுதி முடித்துவிட்டு, பேனாவை மூடாமல் கேட்டான்: "இந்த வகுப்பில் மட்டும் ஏன் ஐயா யாருமே தேர்ச்சி பெற்று அடுத்த வகுப்புக்குப் போவதில்லை?"

அந்தக் கேள்விக்கு விடையைத் தாளிலே எழுத இடம் விடவில்லை. நாட்டிலே எழுத வேண்டியவர்கள் நாம்.